துறைகள் பல, ஆறு ஒன்று

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கற்றறிந்தோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வே காரியாலயத்தில் எழுத்தராகப் பணிபுரியும் யாம், கல்வித் துறைகளைப் பற்றிப் பேச முற்படுவது ஒருவகையில் எல்லை மீறலே ஆகும். ஆயினும் இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருளும் எல்லை கடந்து சென்றவர்களைப் பற்றியதே ஆகலின், பொறுத்தருள்வீர்கள் என்று நம்புகிறோம்.

தமிழில் 'துறை' என்பது பொருள் நிறைந்ததொரு சொல். ஆற்றில் மக்கள் இறங்கி நீராடும் இடமும் துறை. ஓடம் வந்து அணையும் இடமும் துறை. கல்வியின் ஒரு பிரிவும் துறை. அரசாங்க இலாகாவும் துறை. ஒன்றை முற்றும் கற்றுத் தேர்ந்தவரைத் 'துறைபோகியவர்' என்று முன்னோர் போற்றினர். ஹௌராவில் வாழும் நமக்கு இச்சொல்லின் நயம் எளிதில் விளங்கும். ஹுக்ளியின் இக்கரையில் ராமகிருஷ்ணபூர்த் துறையும் ஷிப்பூர்த் துறையும் உள. அக்கரையில் சாந்த்பால் துறையும் பாபு துறையும் உள. பெயர் வேறு, படிக்கட்டு வேறு, வந்து போகும் மக்கள் வேறு. ஆனால் எல்லாப் படிகளையும் தொட்டுக்கொண்டு ஓடும் ஆறு ஒன்றே அன்றோ?

இப்பொருளை யாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை மறைக்காமல் முதலிலேயே கூறிவிடுகிறோம்.

மூன்றாண்டுகளுக்கு முன் எம் மகள் மாத்யமிக் தேர்வில் நல்ல மதிப்பெண்களுடன் தேறினாள். பதினொன்றாம் வகுப்பில் விஞ்ஞானப் பிரிவில் இடம் கிடைத்தது. ஒன்பது வயது முதல் அவள் வயலின் பயின்று வந்தாள். நம் சங்கத்து நவராத்திரி விழாவில் அவள் வாசித்ததை உங்களிற் பலர் கேட்டிருப்பீர்கள். விஞ்ஞானப் பிரிவு கடினமானது, போட்டி மிகுந்தது என்று நாற்புறமும் சொல்லக் கேட்ட யாம், "இனி இரண்டாண்டுகளுக்கு வயலின் பெட்டியைத் திறக்க வேண்டாம், அம்மா" என்று கூறினோம். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. பெட்டியைத் துடைத்துப் பீரோவின்மேல் வைத்தாள். இரண்டாண்டுகள் கழிந்தன. தேர்விலும் தேறினாள். இன்று கல்லூரியில் பௌதிகம் பயில்கிறாள். "இப்போது பெட்டியைத் திறக்கலாமே" என்று யாம் ஒருநாள் கூறியபோது, "விரல் மறந்துவிட்டது, அப்பா" என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுவே எம்மை அதிகம் வருத்தியது.

அதன்பின் சில மாதங்கள் கழித்து, சர் சி. வி. ராமன் கல்கத்தாவில் வாழ்ந்த காலத்தைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. பௌதிகத்துக்கு வயலின் இடையூறு என்று எண்ணி யாம் அதனைப் பெட்டியில் பூட்டுவித்தோம். அப்பெருமகனாரோ வயலினையே பௌதிகமாகக் கொண்டு பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்! அந்த வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அது நம் ஊருக்கு எதிர்க்கரையில், நம்மைப் போலவே பிழைப்பைத் தேடி வந்த தமிழர் ஒருவருக்கு நிகழ்ந்த வரலாறு என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

ராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் போதித்த ஆசிரியர். ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1904-இல் பி.ஏ. பட்டமும் 1907-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். 1906-இலேயே, பதினெட்டு வயது முழுதும் நிறையுமுன், ஒளியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இங்கிலாந்தின் விஞ்ஞானப் பத்திரிகையொன்றில் வெளியாயிற்று.

அத்தகைய மாணவர் விஞ்ஞானியாகத்தானே ஆகியிருக்க வேண்டும்? அக்காலத்தில் நம் நாட்டில் ஆராய்ச்சியை நம்பி வாழ வழியில்லை. மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லலாம் என்றால், அந்நாட்டுக் குளிரை அவர் உடல் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். ஆகவே தமையனாரைப் பின்பற்றி அரசாங்க நிதி இலாகாவின் போட்டித் தேர்வை எழுதினார்; முதலாவதாகத் தேறினார். 1907-இல் திருமணம் முடித்து, அவ்வாண்டின் நடுவில், பதினெட்டு வயதில், மனைவி லோகசுந்தரி அம்மையாருடன் கல்கத்தாவுக்கு வந்து உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகப் பொறுப்பேற்றார்.

அன்பர்களே, இதுவரை நிகழ்ந்தது நம்மிற் பலருக்கும் நிகழ்ந்ததே. மனம் ஒன்றை நாடுகிறது, குடும்பம் ஒன்றை வேண்டுகிறது, உத்தியோகம் எங்கோ கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதன்பின் மனம் நாடியதை மறந்துவிடுவதே உலக வழக்கம். ராமன் மறக்கவில்லை.

ஒருநாள் டிராம் வண்டியில் செல்கையில் பௌபஜார் வீதி 210-ஆம் எண் கட்டடத்தில் 'இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம்' என்னும் பெயர்ப்பலகை அவர் கண்ணிற்பட்டது. இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். கழகத்தின் உதவியாளர் ஆசுதோஷ் டே அவரை வரவேற்றார். செயலாளர் அமிருதலால் சர்க்கார் ஆய்வுக்கூடத்தை அவருக்குத் திறந்துவிட்டார். கருவிகள் இருந்தன, ஆராய்வார் இலர். அந்தக் கூடம் ஒரு கணக்கு அதிகாரிக்காகக் காத்திருந்ததுபோலும்!

அக்கழகத்தின் தோற்றமும் ஈண்டு அறியத் தக்கது. அதனை 1876-இல் நிறுவியவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பட்டம் பெற்ற அவர், ஆங்கில வைத்தியத்தில் புகழோடு விளங்கியவர். ஹோமியோபதி முறையை முதலில் இகழ்ந்தவர், பின்னர் அதனை ஆராய்ந்து பார்த்து, அதில் பயனுண்டு எனத் தம் மனத்திற் பட்டதை 1867-இல் மருத்துவர் சபையிலேயே எழுந்து கூறினார். உடன் தொழில் புரிந்தோர் அவரை ஒதுக்கிவைத்தனர். சில காலம் நோயாளிகளும் குறைந்தனர். அவர் கூறியது சரியா தவறா என்பது வேறு வழக்கு. ஒரு துறையின் வேலியைத் தாண்டினால் என்ன நேரும் என்பதைத் தம் உடலால் அறிந்தவர் அவர். அத்தகையவர் கட்டிய கூடமாதலின், வேலி தாண்டி வந்த இளைஞருக்கு அதன் கதவு திறந்ததில் வியப்பில்லை.

ராமனின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவது நமக்கு மலைப்பைத் தருகிறது. விடியற்காலையில் எழுந்து கழகத்துக்குச் செல்வார். பத்து மணிக்குச் சற்று முன் வீடு திரும்பி, குளித்து, அவசரமாக உண்டு, காரியாலயத்துக்கு விரைவார். மாலை ஐந்து மணிக்குக் காரியாலயத்திலிருந்து நேரே மீண்டும் கழகம். வீடு சேர இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அங்கேதான். இடையில் 1909-இல் ரங்கூனுக்கும் 1910-இல் நாகபுரிக்கும் மாற்றப்பட்டு, 1911-இல் கல்கத்தாவுக்கே திரும்பினார். இவ்வாறு பத்தாண்டுகள் நிகழ்ந்தன. இத்தனைக்கும் அவர் தம் உத்தியோகத்தைப் புறக்கணித்தார் என்று ஒருவரும் கூறியதில்லை. திறமைமிக்க அதிகாரி என்றே நிதி இலாகா அவரைப் போற்றியது. இளைஞர்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். இன்னொரு துறையில் ஆர்வம் உண்டு என்பது, இருக்கும் துறையில் சோம்பியிருப்பதற்கு உரிமைச்சீட்டு ஆகாது.

இனி, அவர் அங்கே ஆராய்ந்தது என்ன? அதுதான் சுவையானது. விலையுயர்ந்த கருவிகள் வேண்டாத ஒரு பொருளை, தாம் பிறந்த வீட்டிலேயே கேட்டு வளர்ந்த ஒரு பொருளை அவர் எடுத்துக்கொண்டார். அவர் தந்தையார் வயலின் வாசிப்பதில் விருப்பமுடையவர். ராமன் நரம்பிசையையும் முழவிசையையும் பௌதிகத்தின் பார்வையில் ஆராயத் தொடங்கினார். வில்லால் இழுக்கப்படும் தந்தி எவ்வாறு அதிர்கிறது என்பதைப் பற்றிய அவரது விரிவான நூல் 1918-இல் கழக வெளியீடாக வந்தது. வில்லின் வேகத்தையும் அழுத்தத்தையும் அளந்தறிய, தானே வயலின் வாசிக்கும் ஓர் இயந்திரத்தையும் அவர் அமைத்தார்.

பின்னர் வீணையும் தம்புராவும் அவர் கவனத்தை ஈர்த்தன. ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அவ்விடத்தில் அசைவற்று நிற்க வேண்டிய கிளை ஒலிகள் எழமாட்டா என்பது ஐரோப்பிய அறிஞர் வகுத்த விதி. வீணையிலும் தம்புராவிலும் அந்த விதி பொய்த்துப்போவதை, எழக்கூடாத கிளை ஒலிகளும் எழுவதை, ராமன் 1921-இல் எடுத்துக்காட்டினார். காரணம் யாது? மேலை நாட்டுக் கருவியில் தந்தி கூர்மையான விளிம்பின்மேல் அமர்கிறது. நம் கருவிகளிலோ அகன்று வளைந்த குதிரையின்மேல் தவழ்ந்து செல்கிறது. தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஒரு நூலிழையையும் நுழைக்கிறோம். அந்த இழையைச் சற்றே நகர்த்தி 'ஜீவா' பிடிக்கும் பாடகர், தாம் பௌதிகத்தின் ஒரு நுட்பத்தைக் கையாள்கிறோம் என்று அறியார். அந்தப் பௌதிக விதியை எழுதிய அறிஞரும் தம்புராவை அறியார். இரண்டையும் அறிந்த ஒருவர் வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

மிருதங்கத்தின் செய்தி இன்னும் வியப்பானது. பறை போன்ற வெறும் தோற்கருவியைத் தட்டினால் எழும் கிளை ஒலிகள் ஒன்றோடொன்று இசைந்த கணக்கில் அமைவதில்லை. ஆகவே அது ஓசையாகிறதே அன்றி ஸ்வரமாவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலும் தபலாவிலும் நடுவே கரும்பசையை அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுகிறோமே, அந்தச் சுமைதான் கிளை ஒலிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்னும் முறையான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. இதனை ராமனும் சிவகாளி குமார் என்பவரும் 1920-இல் 'நேச்சர்' இதழில் உலகுக்கு அறிவித்தனர். தோலுக்குப் பசையிட்ட அந்த முதல் தொழிலாளி யார்? பெயரில்லை, பட்டமில்லை. கையாலும் காதாலும் அவர் கண்டதை, கணிதத்தால் மெய்ப்பிக்கப் பல நூற்றாண்டுகள் கழித்து ஒருவர் வர வேண்டியிருந்தது. துறைகள் கைகோத்தல் என்பது இதுவே. படித்தவர் பாமரருக்குக் கற்பிப்பது மட்டும் அன்று அது. பாமரர் கையிலுள்ள அறிவைப் படித்தவர் பணிந்து கற்பதும் ஆகும்.

ஈண்டு ஆசுதோஷ் டே அவர்களைப் பற்றி இன்னும் சிறிது கூறாமல் மேற்செல்ல எமக்கு மனம் இல்லை. கல்லூரி வாசலை மிதியாத அவரைத் தம் ஆராய்ச்சிகளில் துணைவராகக் கொண்டார் ராமன். நீரில் ஒரு பொருள் விழும்போது எழும் ஓசையைப் பற்றிய கட்டுரை 1920-இல் வெளிவந்தபோது, ராமனின் பெயரோடு ஆசுதோஷ் டேயின் பெயரும் ஆசிரியர் பெயராக அச்சேறிற்று. எம்மைப் போன்று குறைந்த படிப்புடையோருக்கு, ராமன் பின்னர்ப் பெற்ற பரிசைவிட, இந்தப் பெயர் அச்சேறிய செய்தி நெஞ்சை நெகிழ்விப்பதாகும்.

பத்தாண்டுகளுக்குப் பின் சோதனை வந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்த சர் ஆசுதோஷ் முகர்ஜி, புதிதாக நிறுவிய விஞ்ஞானக் கல்லூரியில் பாலித் பேராசிரியர் பதவியை ராமனுக்கு அளிக்க முன்வந்தார். அரசாங்க உத்தியோகத்தின் சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். மேன்மேல் உயர்ந்து செல்லும் பதவிகளும் கைவிட்டுப் போகும். மேலும், அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்றொரு நிபந்தனையும் இருந்தது. பயிற்சிக்காக வெளிநாடு செல்ல ராமன் இசையவில்லை. அந்த நிபந்தனை அவர்பொருட்டுத் தளர்த்தப்பட்டது. 1917-இல் அவர் கணக்கு இலாகாவை விட்டுப் பேராசிரியரானார். லோகசுந்தரி அம்மையார் அதற்கு உடன்பட்டார் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். குடும்பத்தின் வருவாய் பாதியாவதற்கு இசைவது எளிய செயல் அன்று என்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள்.

அவருக்குக் கதவு திறந்தவர்களையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஆசுதோஷ் முகர்ஜி கணிதத்தில் புலமை மிக்கவர். தொழிலால் உயர்நீதிமன்ற நீதிபதி. விஞ்ஞானக் கல்லூரிக்குப் பெருநிதி வழங்கிய தாரக்நாத் பாலித்தும் ராஷ்பிஹாரி கோஷும் வழக்கறிஞர்கள். ஆய்வுக் கழகத்தை நிறுவியவர் மருத்துவர். ஆராய வந்தவர் கணக்கர். நீதிபதியும் வக்கீல்களும் மருத்துவரும் கணக்கரும் ஒன்றுகூடி வளர்த்த பயிரே வங்கத்தின் பௌதிகம். அவரவர் துறைக்குள்ளேயே அவரவர் கதவடைத்து இருந்திருப்பாராயின், அப்பயிர் முளைத்திராது.

அதன் விளைவை உலகம் அறியும். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அதே பௌபஜார்க் கூடத்தில் 'ராமன் விளைவு' கண்டறியப்பட்டது. உடனிருந்து உழைத்தவர் கே. எஸ். கிருஷ்ணன். வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த அவர், கல்கத்தா வருமுன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ரசாயனச் செய்முறை ஆசிரியராயிருந்தவர். தமிழிலும் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கண்ட அந்த ஒளிச் சிதறல் இன்று பௌதிகர்களின் உடைமையாக மட்டும் நின்றுவிடவில்லை. மருந்தைச் சோதிப்பவரும், ரத்தினத்தைப் பரிசோதிப்பவரும், பழைய ஓவியங்களின் வண்ணத்தை ஆராய்பவரும், குற்றவியல் ஆய்வாளரும் அதனைக் கையாள்கின்றனர். துறை கடந்து வந்தவரின் கண்டுபிடிப்பு, தானும் பல துறைகளுக்குப் பரவிற்று.

கழகம் பிற்காலத்தில் ஜாதவ்பூருக்கு இடம் பெயர்ந்துவிட்டது. பௌபஜார் 210-ஆம் எண்ணில் இன்று நடைபெறுவது ஒரு வணிகவியல் கல்லூரி. கணக்கர் பௌதிகம் பயின்ற இடத்தில் இன்று கணக்குப் பயில்விக்கிறார்கள்! அவ்வழியே செல்ல நேர்ந்தால் குழந்தைகளுக்கு அவ்விடத்தைக் காட்டுங்கள்.

அன்பர்களே, துறை கடப்போருக்கு எப்போதும் மாலையும் பரிசுமே கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நம் சாந்த்ராகாச்சிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் ஷிப்பூரில் உள்ள தாவரவியல் தோட்டத்துக்கு 2009-இல் ஆசாரிய ஜகதீச சந்திர போஸின் பெயர் சூட்டப்பட்டது. ராபர்ட் கிட் என்னும் இராணுவ அதிகாரியின் முயற்சியால் 1787-இல் தோன்றிய தோட்டம் அது. பெயர் பெற்றவரோ பௌதிகப் பேராசிரியர்! கம்பியில்லா மின்னலைகளை 1895-லேயே கல்கத்தாவில் செய்து காட்டிய போஸ், பின்னர்த் தாவரங்களின் உணர்ச்சிகளை ஆராயத் தலைப்பட்டார். 1901-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் தம் முடிவுகளைக் கூறியபோது, உடலியல் அறிஞர்கள் எதிர்த்தனர். பௌதிகர் பௌதிகத்தோடு நிற்பதே நலம் என்னும் பாங்கில் அறிவுரை கிடைத்தது. அக்கட்டுரையும் அப்போது வெளியிடப்படவில்லை. அவர் மனம் தளராமல் நுண்ணிய கருவிகளை அமைத்து மேலும் உழைத்தார். 1917-இல் தம் பெயரால் விளங்கும் ஆராய்ச்சி நிலையத்தைக் கல்கத்தாவில் நிறுவினார். 1920-இல் அதே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. அவர் கூறிய எல்லாவற்றையும் பிற்கால அறிஞர் ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் உண்மையே. புதிய துறையில் கால்வைப்பவர் தவறவும் கூடும். ஆனால் தவறக்கூடும் என்னும் அச்சத்தால் ஒருவருமே கால்வைக்காதிருந்தால் ஆறு ஒருபுறம், நாம் ஒருபுறமாக நின்றுகொண்டிருப்போம்.

இன்னொருவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவரும் கல்கத்தா மாநிலக் கல்லூரியின் பௌதிகப் பேராசிரியரே. அக்கல்லூரியின் பௌதிகப் பகுதியில் ஒரு சிறு அறையில் புள்ளியியல் பணியைத் தொடங்கி, 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவினார். 1922-இல் வட வங்கத்தில் பெருவெள்ளம் நேர்ந்தது. வெள்ள நீரைத் தேக்கிவைக்கப் பெரும்பொருட் செலவில் நீர்த்தேக்கங்கள் கட்டவேண்டும் என்று பொறியியல் வல்லுநர்கள் கருதினர். மகலனோபிஸ் ஐம்பதாண்டு மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் ஆராய்ந்து, தேக்கங்களால் பயனில்லை, நீர் விரைந்து வடிவதற்கு வழி செய்வதே தேவை என்று காட்டினார்.

இவ்விடத்தில் எழுத்தராகிய எமக்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது. அந்த ஐம்பதாண்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஏதோ ஓர் ஊரில், நாள்தோறும் மழைமானியைப் பார்த்து, எத்தனை அங்குலம் என்று பேரேட்டில் பதிந்துவைத்த பெயரறியாத சிப்பந்திகளிடமிருந்து வந்தது. அவர்கள் அலுப்பினால் ஒரு நாளை விட்டிருந்தால், ஊகித்து ஓர் எண்ணை எழுதியிருந்தால், மாமேதையின் கணக்கும் பிழைத்திருக்கும். ஆகவே சிறிய உத்தியோகத்தில் இருக்கும் நாமும் இந்த ஆற்றுக்கு அந்நியர் அல்லோம். நாம் பிழையின்றி எழுதும் ஒவ்வொரு பதிவும், எந்தத் துறையைச் சேர்ந்த எவருக்கு, எந்த ஆண்டில் பயன்படும் என்பதை யார் அறிவார்?

நம் தமிழுக்கும் இவ்வகையில் தொண்டு செய்த ஒருவரைக் கூறி இப்பகுதியை முடிக்கிறோம். ஐராவதம் மகாதேவன் (1930–2018) ரசாயனமும் சட்டமும் பயின்றவர். இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். ஓய்வு நேரத்தில் குகை குகையாக ஏறி இறங்கித் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளை ஆராய்ந்தார். சிந்துவெளி முத்திரைகளின் குறியீடுகளைக் கணிப்பொறியின் துணைகொண்டு வரிசைப்படுத்தி, 1977-இல் இந்தியத் தொல்லியல் துறையின் வாயிலாகப் பெருந்தொகுப்பாக வெளியிட்டார். பழந்தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிய அவரது பெருநூல் 2003-இல் வெளியாயிற்று. நிர்வாகி, கல்வெட்டறிஞர், கணிப்பொறி வல்லுநர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்ததால் தமிழ் பெற்ற செல்வம் அது.

இவை யாவும் பெரியோர் கதை. காலனியில் வாழும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். நம் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள ஏரியையே பாருங்கள். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் சீழ்க்கைச் சிறகிகளும், மத்திய ஆசியாவிலிருந்து வரும் வாத்துகளும் அங்கே வந்து தங்குகின்றன. நம்மைப் போலவே அவையும் வெளியூர்வாசிகள். ஆகாயத் தாமரை ஏரி முழுவதும் படர்ந்தால் பறவைகளுக்கு நீர் இல்லை. அதனை அறவே நீக்கிவிட்டாலோ அவை அமர்ந்து இளைப்பாறத் திட்டு இல்லை. எவ்வளவை நீக்குவது, எவ்வளவை விடுவது என்பதைப் பறவை நூல் வல்லார் கூறவேண்டும். நிலம் ரயில்வேயுடையது, காவல் வனத்துறையின் அக்கறை, கலக்கும் கழிவுநீரைத் தடுப்பது பொறியியலாரின் பணி. கழிவுநீர் வழக்குப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. ஒரு குளத்தைக் காக்கவே இத்தனை துறைகள் ஒன்றுகூட வேண்டியிருக்கிறது. ஒரு துறை "எம் பணி அன்று" என்று கோப்பை மற்றதற்குத் தள்ளினால், பறவை காத்திராது, பறந்துவிடும். காரியாலயத்தில் கோப்புகள் மேசைக்கு மேசை நகர்வதை இருபதாண்டுகளாகக் காணும் யாம், அவ்வாறு தள்ளியவர்களில் எமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இனி, பெற்றோர்களுக்கு எமது விண்ணப்பம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் நம் வீடுகளில் ஒரு பங்கீடு நிகழ்கிறது. விஞ்ஞானம் கிடைத்தால் பெருமை. வணிகம் என்றால் சமாதானம். கலைப் பிரிவு என்றால் பெருமூச்சு. எந்தப் பிரிவில் சேர்ந்தாலும், மற்றவற்றின் கதவுகள் அன்றோடு சாத்தப்படுகின்றன. பிழைப்புக்கு ஒரு துறை வேண்டும் என்பதை யாம் மறுக்கவில்லை. ராமனும் முதலில் பிழைப்புக்கு வழி தேடிக்கொண்டார். ஒரு துறையில் ஆழ்ந்து இறங்காமல் எல்லாவற்றிலும் நுனிப்புல் மேய்வதையும் யாம் பரிந்துரைக்கவில்லை. நீந்தத் தெரியாதவனுக்கு எத்தனை துறை இருந்தும் என்ன பயன்? யாம் வேண்டுவது ஒன்றே. குழந்தையின் கையிலுள்ள இரண்டாவது பொருளைப் பறித்துப் பெட்டியில் வைக்காதீர்கள். நாளுக்கு அரை மணி நேரமாயினும் அது அவர்கள் கையில் இருக்கட்டும். அது வயலினாகவோ, ஓவியத் தூரிகையாகவோ, பழைய நாணயமாகவோ, பறவைகளைக் குறித்துவைக்கும் நோட்டாகவோ இருக்கலாம். எந்த இரண்டு பொருள்கள் எப்போது ஒன்றையொன்று தொட்டு ஒளி எழும்பும் என்பதைப் பெற்றோராகிய நாம் முன்கூட்டி அறிய முடியாது.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நம் காலனியில் செவிலியர் உண்டு. சிக்னல் பராமரிப்போர் உண்டு. கணக்கர், பாட்டு ஆசிரியை, பொறியாளர், சமையற் கலைஞர் உண்டு. ஆண்டு விழாவில் ஒருவரையொருவர் கண்டு வணங்குகிறோமே அன்றி, அவரவர் தொழிலின் நுட்பத்தைக் கேட்டறிந்ததில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒருவர் தம் தொழிலைப் பற்றி அரை மணி நேரம் குழந்தைகளுக்கு எடுத்துரைக்கட்டும். குழந்தைகள் கேள்வி கேட்கட்டும். நாற்காலியும் விளக்கும் நம்மிடம் உள்ளன. செலவு ஏதும் இல்லை. முதல் மாதத்துக்கு மிருதங்க வித்துவான் ஒருவரையும், கல்லூரியில் பௌதிகம் பயிலும் ஒரு மாணவியையும் ஒரே மேடையில் அமர்த்தலாம் என்பது எம் அவா. அந்த மாணவியிடம் யாம் இன்னும் கேட்கவில்லை. கேட்கும் துணிவு இனிமேல்தான் வர வேண்டும்.

வயலின் பெட்டி இன்னும் பீரோவின்மேல் இருக்கிறது. சென்ற வாரம் யாமே அதனை இறக்கித் திறந்து பார்த்தோம். தந்திகள் துருவேறியிருந்தன, பிருடைகள் இறுகியிருந்தன. புதுத் தந்திகள் வாங்கிவந்து பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். எடுப்பதும் எடுக்காததும் அவள் விருப்பம். நாம் மூடிய கதவை நாமே திறந்துவைப்பது நம் கடமை. அதன் வழியே நடப்பது குழந்தைகளின் உரிமை.